துண்டு பிடித்த இடம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கனகசெட்டிக்குளம் பஸ் வெயிலில் உறுமிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி கலைவாணி நிற்கிறாள். கால் வீங்கி, செருப்பு வார் சதையில் புதைந்திருக்கிறது. எதிரே காலி சீட்டில், யாரோ சன்னல் வழியே போட்ட துண்டு மட்டும் சொகுசாகக் கிடக்கிறது. அவள் உட்காரப் போனதும், "ஆள் வருது, துண்டு போட்டிருக்குல்ல!" என்று பக்கத்துச் சீட்டுக்காரர் அதட்டுகிறார். துண்டுக்காரர் வெளியே நிதானமாக டீ குடிக்கிறார். பஸ்ஸே அந்தத் துண்டுக்கு மரியாதை கொடுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கலைவாணிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, துண்டுக்கா கால் வலிக்குது?" அதை எடுத்துச் சன்னல் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்கிறாள். டீ முடித்து வந்தவர், "என் எடம்மா அது" என்கிறார். "உங்க துண்டு அதோ தொங்குது, எடுத்துக்கோங்கண்ணே." கலைவாணி எழவில்லை, பஸ் கிளம்புகிறது. உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் போகிற இடமெல்லாம் கேட்காமலே இடம் கிடைக்கட்டும், கண்ணுகளா.