இளவரசனின் சட்டை

ஏழு வயது இளவரசன் ப்ரிபில் காய்ச்சலில் செத்துப்போனான். கோட்டைத் தலைவர் ராதோயேவும் துணி துவைக்கும் ஸ்டானாவும் அவனைக் கோயில் தரைக்கு அடியில் ரகசியமாகப் புதைத்தார்கள். வெளியே, அரியணைக்காகச் சித்தப்பாவின் படை முற்றுகை போட்டிருந்தது. உதவிக்குத் தாய்மாமன் வந்துகொண்டிருந்தார். பையன் இல்லையென்று தெரிந்தால் அவர் பாதி வழியில் திரும்பிவிடுவார். அப்புறம் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தூக்குதான்.

அதனால், கண்ணேறு படாமலிருக்கக் கழுத்தில் சிவப்பு நூல் தைத்த அவன் சட்டையை, ஸ்டானா சனிக்கிழமைதோறும் துவைத்து மதில்மேல் காயப்போட்டாள். பார்க்கிறவர்கள் பையன் இருக்கிறான் என்று நம்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை, சட்டையைப் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் சட்டையில் செர்ரிக் கறை. வேர்வை வாடை வேறு.

"யாருக்காவது போட்டுவிட்டீங்களா ஐயா?" என்று ராதோயேவிடம் கேட்டாள்.

"பெட்டிச் சாவி உன் இடுப்புலதானே இருக்கு? பேசாம துவை."

துவைத்தாள். அடுத்த வாரம் தோள் தையல் விட்டிருந்தது. மடிப்பைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தாள்.

அதற்கடுத்த வாரம், அவள் மதில்மேல் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, கீழிருந்து எதிரிப் படைவீரன் ஒருவன் கத்தினான்.

"ஏக்கா! சின்னவருக்கு மாத்துத் துணிகூட இல்லையா? வெறும் உடம்போட நிக்க வச்சிருக்க?"

"எங்கேடா நிக்கிறாரு?"

"உன் பின்னாடிதான். குளிர்ல நடுங்குறாரு பாரு!"

ஸ்டானா திரும்பவில்லை. சட்டையை இன்னொரு முறை நன்றாகப் பிழிந்து, தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

"ஈரமா இருக்கு சின்னவரே. பார்த்துப் போட்டுக்கோங்க."

அவள் கையிலிருந்து சட்டை மெதுவாக நழுவிப் போனது.