தடி வந்து நின்ற இடம்

மனிதகுலத்துக்கு ஓர் அறிவிப்பு: லேத் பட்டறை பொங்கியண்ணன் பதினோரு வருடம் தன் கையாலேயே செய்த ஒற்றை இருக்கை விமானம், இன்று காலை ஆய்வில் தேறிவிட்டால் மாலையில் பறக்கும். பந்தல் போட்டாயிற்று. 'வானத்தின் வேந்தே வருக' என்று பேனரும் கட்டியாயிற்று. வேந்தர் தரையில்தான் நின்றிருந்தார்.

ஆய்வாளர் தாமோதரன் சிரிக்காத மனிதர். ஒவ்வொரு திருகாணியாகத் தட்டினார், இறக்கையைப் பிடித்து ஆட்டினார், எடை போட்டார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"கடைசியா ஒண்ணு. ஏறி உட்கார்ந்து, முன்னால இருக்கற அந்த ஓட்டுற தடியை இழுங்க. விமானத்தோட மூக்கு மேலே தூக்கணும்னா அது முழுசாப் பின்னால வரணும்."

பொங்கியண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கித் தடியை இழுத்தார். அது பாதி தூரம் வந்து அவர் வயிற்றில் முட்டி நின்றது.

"இருக்கைக்கு எப்போ அளவெடுத்தீங்க?"

"ஆரம்பத்துலயேங்க சார். என்ற உடம்புக்குத்தானுங்க எடுத்தேன்."

"கிராம் கிராமாப் பிளேனு எடையத்தான் குறைச்சீங்க!" என்றாள் மனைவி வசந்தாமணி.

தாமோதரன் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு அறிக்கையில் எழுதினார்: 'விமானத்தில் குறை இல்லை. விமானியைச் சரிசெய்து மறு ஆய்வுக்குக் கொண்டுவரவும்.'

"ஆறே மாசமுங்க! இன்னைலிருந்து அரை வயித்துச் சோறுதான்!" என்று பொங்கியண்ணன் இறக்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கூட்டம் கைதட்டியது.

பந்தலில் இலை போட்டார்கள். அவர் மூன்று முறை பாயசம் வாங்கினார்.