ஓர் ஊளைக்காக

கைதட்டல் விழுந்ததற்காக அழுத நடிகரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"இன்னைக்கும் தட்டிட்டாங்க, மேவிஸ்," என்றார் ரோலண்ட் பிக்கரிங். மதிய ஆட்டம் முடிந்து, மேக்கப் அறை நாற்காலியில் கறுப்பு அங்கியோடு சரிந்து கிடந்தார். ஒட்டுமீசையின் ஒரு பக்கம் கண்ணீரில் ஊறித் தொங்கியது.

"கேட்டுச்சு," என்றாள் அவர் மனைவி மேவிஸ். "முன் வரிசையில ஒரு குட்டிப் பொண்ணு முத்தம்கூடப் பறக்கவிட்டா."

"அதை வேற ஞாபகப்படுத்தாத."

மோர்கம் ஊரின் கிறிஸ்துமஸ் நாடகம் அது. வில்லன் மேடைக்கு வந்தால் பிள்ளைகள் 'ஊ' என்று ஊளையிட வேண்டும். கூரை அதிர ஊளையிட்டால்தான் அவன் வில்லன். ஏழு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை தானும் ஊளையிட்ட நாளிலிருந்து ரோலண்டுக்கு ஒரே ஆசை. என்றைக்காவது ஒருநாள் அந்த ஊளை தனக்கு விழ வேண்டும்.

முப்பது வருஷம் மேடையில் ராஜாக்களுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றார். அப்புறம் டிவி கூப்பிட்டது. ஒன்பது வருஷமாக ஞாயிறுதோறும் அவர் டாக்டர் ஹாலம். சீரியலில் கிழவிகளுக்குப் போர்வை போர்த்திவிடுவார், நாய்க்குட்டிக்கும் நாடி பார்ப்பார். நாடே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கடைசியில், அறுபத்தொரு வயதில், வில்லன் வேஷம் கிடைத்தது. ஆனால் அவர் விஷப் புட்டியைத் தூக்கிக் காட்டினால், டாக்டர் மருந்து கொண்டுவந்திருக்கிறார் என்று பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

கதவைத் தட்டிவிட்டு மேனேஜர் டென்ஹாம் தலையை நீட்டினார்.

"ரோலண்ட், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கும் இப்படியேன்னா, நீங்க ராஜா வேஷத்துக்கு மாறிடுங்க. ராஜாவா நடிக்கிறவரை வில்லனாக்கிடறேன். அவரைப் பாத்தாலே எல்லாருக்கும் எரிச்சல் வருது."

"ராஜாவுக்கு எத்தனை வசனம்?"

"நாலு. அதுல ரெண்டு கொட்டாவி."

கதவு சாத்திக்கொண்டது. ரோலண்ட் மீசையைப் பிய்த்து மேஜைமேல் வைத்தார்.

"மேவிஸ், நாளை மதியத்துக்குள்ள இந்த ஊருக்கு என்னைப் பிடிக்காமப் போகணும். என்ன பண்ணலாம்?"

மேவிஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். யோசிக்கவே இல்லை. "இங்க கொலை பண்ணினாக்கூட, பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோம்பாங்க. வரிசையில முந்தினா மட்டும் மன்னிக்க மாட்டாங்க."

கடற்கரைச் சாலையில் மீனும் சிப்ஸும் பொரிக்கும் கடையில் அப்போது பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். மேவிஸ் உள்ளே வர மறுத்துவிட்டாள். "எனக்கு இந்த ஊர்ல அக்கா தங்கச்சி இருக்காங்க," என்று சொல்லிவிட்டு வெளியே தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ரோலண்ட் விறுவிறுவென்று முன்னால் போனார். முதலில் நின்ற தபால்காரரை முழங்கையால் ஒதுக்கினார்.

"எனக்கு முதல்ல. ரெண்டு மீன்."

கடையில் பேச்சு நின்றது. எண்ணெய் மட்டும் சடசடத்தது.

"வாங்கிக்கோங்க டாக்டர்," என்றார் தபால்காரர். "ஏதோ அவசரக் கேஸா இருக்கும்."

"ஒரு அவசரமும் இல்ல. எனக்குப் பசிக்குது, அவ்வளவுதான்."

"பசின்னா சாப்பிடத்தானே வேணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரோலண்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொட்டலத்தோடு நகர்ந்த ஒரு கிழவியை வழிமறித்து, அவள் சிப்ஸில் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கிழவி புன்னகைத்தாள். "வினிகர் போதுமா டாக்டர்?"

மீனோடு வெளியே வந்தவரின் முகம் செத்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மேவிஸ்.

"வினிகர் போதுமான்னு கேட்டாங்க. நான் ராஜாதான். கொட்டாவி விட்டுப் பழகிக்கறேன்."

"அவ்வளவு மரியாதையாவா கேட்டாங்க?" என்றாள் மேவிஸ். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வராமலே தன் பங்கு மீனைப் பிய்த்துத் தின்றாள்.

அடுத்த நாள் மதியம். கடைசி முயற்சியாக, காலையெல்லாம் கண்ணாடி முன்னால் இடப் புருவத்தை மட்டும் தூக்கிப் பழகியிருந்தார் ரோலண்ட். மேடைக்கு வந்தார். புருவத்தைத் தூக்கினார்.

பின் வரிசையில் யாரோ ஒரு பெரியவர் தனியாக 'ஊ' என்றார். அடுத்து அம்மாக்கள். அப்புறம் பிள்ளைகள். தாத்தாக்கள் ஊன்றுகோலால் தரையை இடித்தார்கள். மாடியிலிருந்து ஒரு குட்டிச் செருப்பு பறந்துவந்து அவர் காலடியில் விழுந்தது. ஊளை அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அடுத்த வசனம் பேச முடியாமல் ரோலண்ட் அங்கிக்குள் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். வில்லன் கறுவுகிறான் என்று நினைத்தார்கள். உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ராஜா ராஜாவாவே இருக்கட்டும்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் டென்ஹாம். "ஒரே நாள்ல எப்படிய்யா இது?"

"புருவம்," என்றார் ரோலண்ட். "எல்லாம் இந்த இடது புருவம்தான். நாப்பது வருஷ அனுபவம்னா சும்மாவா?"

அங்கியைச் சுழற்றிக்கொண்டு நடைவழியில் ஒரு சுற்று ஆடினார். மேவிஸும் கூட ஆடினாள்.

மறுநாள் காலை ரோலண்ட் சீட்டியடித்துக்கொண்டே பால் வாங்கப் போனார். கடைக்காரியின் முதுகுக்குப் பின்னால் இருபது புட்டிப் பால் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர்," என்றாள் அவள், புன்னகை மாறாமல். "வரிசையில நிக்கிறவங்களுக்கே சரியாப் போச்சு."

கடையில் வேறு யாருமே இல்லை.