பாட்டிலில் குமிழி இல்லை

கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது மனைவியை அல்ல, கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலை.

என் விலா இடுக்கிலிருந்து கிளம்பிய குழாய் அதன் தண்ணீருக்குள் போய் முடிந்தது. தண்ணீர் சலனமில்லாமல் இருந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது, அடுத்த வண்டி வரலாம்.

மருந்து தின்று தின்று காசநோய் போய்விட்டது. போனது சும்மா போகவில்லை. நெஞ்சுக்குள் கட்டியிருந்த சீழ் இறுகி, வலது நுரையீரலைச் சுற்றித் தடித்த தோலாகிவிட்டது. உள்ளே அது விரிய வழியில்லை. இடது ஏற்கெனவே பேருக்குத்தான் இருக்கிறது.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். மூன்று சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே அந்தத் தோலை உரிப்பார்களாம். உரிந்தால் மூச்சு திரும்பும். உரியாவிட்டால் தைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். நெஞ்சைப் பெரிதாகத் திறக்க இந்த உடம்பில் தெம்பில்லை.

அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எது நடந்திருந்தாலும் வெளியே தெரியப்போவது மூன்று பிளாஸ்திரிதான்.

பக்கத்துக் கட்டில்காரருக்குப் போன வாரம் உரித்தார்கள். பாட்டிலும் கையுமாக வராந்தாவில் நடை பழகுகிறார். அவர் பாட்டில் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. பாவம், ஒட்டு சரியில்லை என்று அவருக்காக வருத்தப்பட்டேன். என் தொழிலறிவு அப்படி.

நர்ஸம்மாவிடம் என் பாட்டிலைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். உரித்த நுரையீரல் ஆறுகிற வரைக்கும் கொஞ்சம் காற்று விடத்தான் செய்யும் என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். மீதியை டாக்டர் வந்து சொல்வாராம். நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்த ட்ரிப்ஸை ஒருமுறை சரிசெய்துவிட்டுப் போனார்.

மனைவியைப் பார்த்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றாள். அவள் முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

எனக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"மூணோட விட்டுட்டாங்களேம்மா. இன்னும் அஞ்சு ஓட்டை போட்டிருந்தா புல்லாங்குழல்னு சொல்லி என்னை வித்திருக்கலாமே."

அவள் சிரித்தாள். தோள் குலுங்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விடாமல் சிரித்தாள்.

மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இத்தனை காலக் குடித்தனத்தில் என் ஜோக் ஒன்றுக்குக்கூட அவள் சிரித்ததில்லை.