அடுப்பில் எரியாத கட்டை

"மாட்டுக்குக் கழுத்துல புண்ணு சார். அதான் சாக்கு சுத்திக்கினு ஓட்டறேன்" என்றான் முனிரத்தினம்.

நுகத்தடி முழுக்கக் கோணிச் சாக்கு. இன்ஜினீயர் கிருபானந்தம் முகம் சுளித்தார். ஆபீஸ் ஜீப், ஹைதராபாத்திலிருந்து வரும் பெரிய அதிகாரியை அழைத்துவரத் திருப்பதிக்குப் போயிருந்தது. பிச்சாட்டூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ஊரில் மிச்சமிருந்தது இந்த ஒரு வண்டிதான். ஏறி உட்கார்ந்தார்.

திருடு போனது லேசான சமாசாரமில்லை. கரண்ட் கம்பத்தின் உச்சியில், கம்பிகளைத் தாங்கக் குறுக்கே மாட்டுகிற கட்டை. இதுநாள் வரை மரத்தில் இருந்தது. மழையில் உளுத்தது, கரையான் தின்றது; கீழே இறக்கி வைத்தால் யார் வீட்டு அடுப்புக்காவது போய்ச் சேர்ந்தது. இது பைபர் கிளாஸ். மாவட்டத்துக்கே முதல் கட்டை. நாளைக் காலை அதிகாரி முன்னால் கம்பத்தில் ஏற்றிக் காட்டிவிட்டால் கிருபானந்தத்துக்குப் பதவி உயர்வு.

கம்பத்தடியில் கிடக்கும் கட்டைக்குக் காவலுக்கு ஆள் போடலாமா என்று லைன்மேன் அசரியா நேற்றே கேட்டார். கிருபானந்தம் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரித்தார். அடுப்பில் எரியாது, கூரைக்கு உதவாது, இதை எடுத்துப் போய் ஒரு கிராமத்தான் என்ன பண்ணுவான் என்று முழங்கினார். விடிந்து பார்த்தால் கம்பம் இருந்தது. கட்டையைக் காணோம்.

வண்டி பறந்தது. போன மாதம் இதே மாடுகள் சந்தைக்கு ஊர்ந்து போனதை அவர் பார்த்திருக்கிறார். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஏறினால் மாட்டுக்குக்கூட மரியாதை தெரிகிறது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வழியெல்லாம் கட்டையின் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். முனிரத்தினம் ஒவ்வொன்றுக்கும் 'உம்' கொட்டினான். வண்டிக்காரனுக்கு விஞ்ஞானத்தில் இத்தனை ஆர்வமா என்று அவருக்கே ஆச்சரியம்.

"வெயில்ல வெடிச்சிக்காதா சார் அது?"

"இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுய்யா. நான் காரண்டி."

முனிரத்தினம் நிம்மதியாக மாட்டை அதட்டினான்.

ஸ்டேஷனில் ரைட்டர் பச்சையப்பன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடையாளம் கேட்டார்.

"சாம்பல் கலர். ஆள் நீளம். ரெண்டு முனையிலயும் ஓட்டை இருக்கும். ஒரு கையால தூக்கலாம், அவ்வளவு லேசு. எவன் எடுத்தானோ, அவனுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது."

பச்சையப்பனின் பேனா நின்றுவிட்டது. அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிருபானந்தமும் திரும்பினார்.

வலத்து மாடு தலையைச் சிலுப்பியதில் சாக்கு அவிழ்ந்து தொங்கியது. கழுத்தில் புண்ணைக் காணோம். நுகத்தடி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டை ஒன்று வெயிலில் பளபளத்தது. இரண்டு முனை ஓட்டையிலும் மாட்டைப் பூட்டிய கயிறு, அதற்கென்றே துளைத்தது மாதிரி நுழைந்திருந்தது.

கிருபானந்தம் ஓடிப்போய் முடிச்சில் கை வைத்தார். முனிரத்தினம் தடுக்கவில்லை. வந்த வழியை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அத கழட்டிக்கினா, ஊருக்கு எதுல சார் போவீங்க?"