எண்ணெய்ச் சூடு

கிட்ட வாருங்கள் மக்களே, உரக்கச் சொல்கிற கதையில்லை இது. பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே சேலை விரித்துக் காட்டுகிறவள் செண்பகவடிவு. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். ஒருநாள் அவளுடைய இடதுகால் பூசணிக்காயாக வீங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தக்குழாய் டாக்டர் ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்து வைத்துப் பார்த்தார்.

"உள்ளே ரத்தம் உறைஞ்சு நிக்குதும்மா. காலையில எடுத்துரலாம். அதுவரைக்கும் யாரும் காலை அமுக்கக் கூடாது. உறைஞ்சது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து."

சாயங்காலம் புருஷன் சொரிமுத்து வந்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் காலைத் திரும்பிப் பார்க்காதவன், அன்று எண்ணெயைச் சுடவைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தான்.

"இன்னைக்கு ஊருல மழைதான்," என்று சிரித்தாள் அவள்.

"சும்மா கெட ஏட்டி. இம்புட்டு வீங்குற வரைக்கும் நான் பாக்கலியே."

டாக்டர் சொன்னதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனுடைய உள்ளங்கை கெண்டைக்காலில் பட்டுவிட்டது. அப்படி ஓர் இதம். இன்னும் ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொகமா இருக்கா?" என்றான் அவன்.

பதில் வரவில்லை. தூங்கட்டும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டான்.

நீங்கள் நல்லா இருங்கள் மக்களே. உங்கள் வீட்டில் காலைப் பிடித்துவிடுகிற கை, வீங்குவதற்கு முன்னாலேயே வந்து சேரட்டும்.