திறந்த தேதி

மகளின் இரண்டு கண்களிலிருந்தும் மெல்லிய காகிதப் பட்டைகள் தொங்கின.

ஒரு முனையைக் கீழ் இமைக்குள் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொல்லிவிட்டு, டெக்னீஷியன் கடிகாரத்தைத் தட்டிவிட்டார். கண்ணீர் ஊறி எவ்வளவு தூரம் காகிதம் நனைகிறது என்பதுதான் சோதனை. பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் நல்லது. ஐந்துக்குக் கீழே என்றால் என் கதைதான்.

எனக்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு வந்தது.

உடம்பைக் காக்க வேண்டிய படையே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்கும் வியாதி. போதாக்குறைக்கு என் விரல் மூட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. அப்பா போனபோது நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று உறவில் இன்றும் பேச்சு.

ரயில் நிலையத்தில் நான் அறிவிப்பாளர். ஒரு ரயிலுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் நாக்கு புரளும். 'ஐந்து நிமிடம் தாமதமாக' என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், கொஞ்சமும் இரக்கமில்லாமல். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

அவளை இங்கே இழுத்து வந்ததே நான்தான்.

தனக்கு ஒன்றுமில்லை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நானும் மூன்று வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால் நம்பவில்லை.

உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் குடை தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். உள்ளே நான் போட்டுக்கொள்ளும் அதே கண் சொட்டுமருந்து. லேபிளில் திறந்த தேதி, அவள் கையெழுத்தில். திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதால் எழுதி வைப்பது. போட்டுக்கொள்ளாதவள் எதற்கு எழுதுகிறாள்?

அடுத்த மாதம் பார்த்தால் வேறு பாட்டில், வேறு தேதி. முதல் தடவைதான் குடை தேடினேன். இரண்டாவது தடவை குடை என் கையிலேயே இருந்தது.

பையைத் துழாவியதை எந்த முகத்தோடு சொல்வது? என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது, என்னைப் போலவே மறைக்கிறாள் என்று மனதுக்குள்ளேயே புழுங்கினேன். தூக்கம் போனது.

எனக்கு மருந்து வாங்கி வருவதும் அவள்தான். கடைக்காரர் தங்கமான மனிதர். என் விரல் சங்கதி தெரிந்து ஒவ்வொரு பாட்டிலின் சீலையும் உடைத்தே கொடுத்தனுப்புவார். போன மாதம் நேரில் போய் நன்றி சொன்னேன். திருதிருவென்று விழித்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டையின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

நான் இமைக்கவே இல்லை.

இரண்டாவது நிமிடத்தில் ஈரம் மெல்லக் கீழே இறங்கியது. ஆறு. ஒன்பது. பன்னிரண்டைத் தாண்டியதும் டெக்னீஷியனின் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான்காவது நிமிடத்தில் இரண்டு பட்டையும் அடிவரை நனைந்து தொங்கின.

"கண்ணு அருமையா இருக்கும்மா, உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

அப்பாடா. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கென்று தெரியாமல் மேசையில் இருந்த கடிகாரத்துக்கும் நன்றி சொன்னேன். மகள் சிரித்தாள்.

அப்போதுதான் என் கண் எரிவது தெரிந்தது. மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. காலைப் பதற்றத்தில் மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, வழியில் ஏதோ ஒரு கடையில் புதிதாக வாங்கியிருந்தேன். மூடியைத் திருகினேன். சீல் அசையவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன்.

மகள் கன்னத்தைத் துடைத்தபடியே அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். தன் பையைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கோம்மா, உனக்காக எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேன். வீட்டுல இருக்கிறதுக்கு நான் உடைச்சு வைக்கிற மாதிரி இதுக்கும் சீலை உடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. இரண்டு தடவை பையைத் துழாவியவளுக்கு இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

பாவம், அந்தக் கடைக்காரர்.

மூடி அரைத் திருகில் கழன்றது. கண்ணுக்கு இரண்டு சொட்டு போதும். விரல் சொன்னபடி கேட்காமல் நாலைந்து விழுந்து கன்னத்தில் வழிந்தது.

முடிவை எழுதிவிட்டுத் திரும்பிய டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்துப் பதறி, டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

மருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒன்றை உருவித் துடைத்துக்கொண்டேன்.